மொதல் கை

ஏனுங்க, இந்தப் பையை உங்க காலுக்கு அக்கட்டால சித்த நேரம் வெச்சுக்கட்டுங்களா? வாசம் அடிக்குதுன்னு மூஞ்சியச் சுளிக்காதீங்க. வெளக்கெண்ணெய்ங்க. எத்தனை தண்ணியில அலசியும் போகல. உள்ள துணிதான், வேற ஒண்ணுமில்ல. டப்பாவ மட்டும் மடியில வெச்சுக்கறேன். இதுல கச்சாயம் இருக்குதுங்க. என்ற சம்சாரம் அவ தம்பிக்குன்னு விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுச் சுட்டது. எடுத்துக்கோங்க. அட, கூச்சப்படாதீங்க, நல்லா ரெண்டா எடுத்துக்கோங்க. அவன் பண்ணின காரியத்துக்குக் கச்சாயம் ஒண்ணுதான் கொறைச்சல்.

நீங்களும் திருப்பூருக்குத்தானுங்களா? நல்லதாப் போச்சு. நான் எதுக்குப் போறன்னு கேளுங்க. ஒரு துண்டைத் திருப்பி வாங்கறதுக்குப் போறனுங்க. ஆமாங்க, தோள்ல போடற துண்டுதான். என்ற மச்சினன் லோகநாதன்கிட்ட இருக்குது. அது எனக்கு வந்திருக்க வேண்டிய துண்டு. அதை வாங்கிப்போட்டு, இன்னையோட உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லைடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டு, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிரலாம்னு இருக்கறேன். தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் அவன் ஊட்டுல.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எம் பேரு சென்னியப்பனுங்க. ஈரோட்டு மஞ்ச மண்டியில மூட்டை தூக்கறேன். ஊரு பவானிக்கு இக்கட்டால, அய்யங்காட்டுப்புதூர். எங்க ஊருல மாட்டுப் பொங்கலுக்கு மறாநாளு வழுக்கு மரம் நடுவாங்க. பாத்திருக்கறீங்களா? நல்ல நெட்டைப் பாக்கு மரத்தைத் தோல் சீவி, எழைச்சு, மாரியம்மன் கோயலுக்கு முன்னால நிறுத்திருவாங்க. அடியிலேர்ந்து நுனி வரைக்கும் வெளக்கெண்ணெய், கத்தாழைச் சோறு, வெந்தயம் ஊற வெச்சு அரைச்சது, அல்லாத்தையும் கொழைச்சு அப்பிருவாங்க. ஈ உக்காந்தாலே வழுக்கி உழுந்துரும். நுனியில மஞ்சத் துணியில ஒரு முடிச்சு தொங்கும். உள்ள ஒரு தேங்காயும் ஒரு வெள்ளி அருணாக்கொடியும் இருக்கும். ஏறி அவுக்கறவனுக்கு அது. ஏறையில சும்மா உடுவாங்களா? சுத்தி நின்னு மஞ்சத் தண்ணிய மொகத்துல பீச்சி அடிப்பாங்க.

இதுல மொதல் கைன்னு ஒண்ணு இருக்குதுங்க. மரத்துல மொதல்ல கை வெக்கறவனைப் பெரியதனக்காரர் ஊட்டுலேர்ந்து மேளம் அடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. சந்தனம் பூசி, அல்லாரும் பாக்கத் தோள்ல ஒரு பட்டுக்கரைத் துண்டு போடுவாங்க. அந்தத் துண்டுக்கு எங்க ஊருல எத்தனை சண்டைங்கறீங்க! ஒரே ஊட்டு அண்ணந்தம்பி ரெண்டு பேரு அதுல மொகம் திருப்புனவங்க இன்னும் திரும்பல. எங்கய்யன் கடைசி வரைக்கும் கேட்டாரு, கெடைக்கல. நான் பந்தல் போட்டு, கோயலுக்கு வெள்ளை அடிச்சு, பெரியதனக்காரர் ஊட்டுக் கல்யாணத்துக்கு அண்டா சுமந்து, அதுக்கப்புறம் வாங்குனனுங்க. வாங்குன நாள்லேர்ந்து வருசா வருசம் மொதல் கை நாந்தான். வேறவன் கிட்ட வரமுடியல.

முடிச்சை அவுத்தீங்களான்னு கேக்கறீங்களா? அது வேற பேச்சுங்க. அவுக்கல. ஒரு தாட்டிகூட அவுக்கல. அப்பத்தான் பூசின மரம் பாருங்க, சும்மா ஏற முடியுங்களா? கட்டிப் புடிச்சு ரெண்டு ஆளு உசரம் போவேன். வழுக்கி எறங்குவேன். மறுக்கா ஏறுவேன். உடம்பு பூரா எண்ணெய் வழிய வழிய, டவுசர்ல கையத் தொடச்சுக்கிட்டு மறுக்கா ஏறுவேன். கை விட்டுப் போனப்பறம்தான் தள்ளி நிப்பேன். பொறவு ஒவ்வொருத்தனா ஏறுவாங்க. பொழுது சாயற நேரத்துக்கு எவனாச்சும் ஒரு நோஞ்சான் வந்து நோகாம ஏறி அவுத்துட்டுப் போயிருவான். போன வருசம் அவுத்தவன் மருந்துக்கடையில நிக்கற பையன்ங்க. மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்கும் அவனுக்கு. எல்லாம் அதிர்ஷ்டம்ங்க. வேற என்னத்தைச் சொல்றது?

இன்னொண்ணு எடுத்துக்கோங்க. நல்லா இருக்குதுங்களா? வெல்லம் சித்த தூக்கலாப் போட்டிருக்கறா, தம்பிக்குப் புடிக்கும்னு. எனக்குச் சுடறப்ப இத்தனை வெல்லம் உழுகாது.

நான் ஒழைப்பை நம்பறவனுங்க. மத்தவன் ஒரு மூட்டை தூக்கறப்ப நான் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுத் தூக்குவேன். வழுக்கு மரத்துக்கும் அப்பிடித்தான். ஐப்பசி பொறந்தாப் போதும், ஊட்டுக்குப் பொறத்தால பழைய போர் பைப்பை நட்டு, எண்ணெய் தடவி, தெனமும் காத்தால ஏறிப் பழகுவேன். பூங்கொடி, அதாங்க என்ற சம்சாரம், அடுப்படியிலேர்ந்து கத்துவா. "ஏனுங்க, தாளிக்கற எண்ணெய் எங்கீங்க?" நான் பைப்பு மேலேர்ந்து பதில் சொல்லுவேன். பக்கத்து ஊட்டுக்காரங்க வேடிக்கை பாப்பாங்க. பாக்கட்டுமே. ஒழைக்கறவனுக்கு என்னங்க வெக்கம்?

இந்த லோகநாதன் இருக்கறானுங்களே, இவன் அதுக்கு நேர் எதிரு. சின்ன வயசுலயே அப்பன் போயிட்டான் அவனுக்கு. எங்க ஊட்டுல தங்கித்தான் படிச்சான். என்ற தோள்ல மூட்டை தூக்கி அவனைப் படிக்க வெச்சேன். இதைச் சொல்லிக் காட்டறன்னு நெனைக்காதீங்க, சொல்லணும்னு சொல்றேன். இப்பத் திருப்பூர்ல பெரிய பனியன் கம்பெனியில இருக்கறான். அங்க அவனுக்கு என்ன வேலைங்கறீங்க? ஒரு கடியாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு டெய்லருங்க பின்னால நிக்கற வேலை. "அக்கா, துணிக்கட்ட வலதுபக்கம் வெக்காதீங்க, எடதுபக்கம் வெய்ங்க, கை திரும்பற நேரம் மிச்சம்"னு சொல்ற வேலை. அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க! தையல் ஒரு தையல் தெரியாதுங்க அவனுக்கு. கேட்டா மெத்தட்டுங்கறான்.

ஊட்டுக்கு வந்தாலும் அதே சோலிதான். உப்பு டப்பாவ எடம் மாத்தி வெச்சான். மாட்டுத் தண்ணித் தொட்டிய மாத்தி வெச்சான். பூங்கொடி என்னவோ, வேலை பாதியாக் கொறைஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறா. தம்பியச் சொல்லுவாளா அவ? மண்டிக்கு ஒரு நாள் வந்தவன் என்னைப் பாத்துட்டு, "மச்சான், ஒரு தள்ளுவண்டி இருந்தா இத்தனையும் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருமே"ங்கறான். "மத்தியானத்துக்கு மேல நான் என்ன மாப்ள பண்றது, மல்லாக்கப் படுத்துக்கிட்டு விட்டத்தைப் பாக்கறதா?"ன்னு கேட்டேன்.

வழுக்கு மரத்துக்கும் ஒரு மெத்தட்டுச் சொன்னான் பாருங்க, அதைக் கேட்டா உங்களுக்கே கோவம் வரும். "மச்சான், மொதல்ல ஏறாதீங்க. கடைசியா ஏறுங்க. ஏர்றவனெல்லாம் எண்ணெயத் தொடச்சுட்டுத்தான் எறங்கறான். நீங்க மொதல்ல போயி ஊருக்கே மரத்தைத் தொடச்சுக் குடுக்கறீங்க"ன்னான். எப்பிடி இருக்குது? மொதல் கைய உட்டுப்போட்டுக் கடைசியில போயி நிக்கறதா? மத்தவன் தொடச்சு வெச்ச மரத்துல ஏர்றதும் எச்செலையில திங்கறதும் ஒண்ணுதானுங்களே? "மாப்ள, உன்ற மெத்தட்ட பனியனோட நிறுத்திக்க. செயிச்சா மொதல் கையோட செயிப்பேன். இல்லைன்னா வேண்டாம்"னுட்டேன். அவன் என்னையே பாத்துட்டுச் சிரிச்சான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. புத்தி வந்திருச்சுன்னு நெனைச்சேன்.

இந்த வருசம் எனக்குக் கடைசி வருசம்ங்க. முன்ன ஒருத்தர் வயசான காலத்துல ஏறி உழுந்து கையி ஒடிஞ்சதுலேர்ந்து, நாப்பது ஆனவங்க ஏறக்கூடாதுன்னு கமிட்டி சொல்லிருச்சு. எனக்கு வர்ற சித்திரையில நாப்பது. இந்தத் தாட்டி உட்டா அவ்வளவுதான். அதுக்கப்புறம் கீழ நின்னு மஞ்சத் தண்ணி அடிக்க வேண்டியதுதான். உங்ககிட்ட என்னத்தை மறைக்கறது? பொங்கலுக்கு முந்தி சோறே எறங்கல எனக்கு. இத்தனை வருசம் ஏறி, ஒரு நாளாச்சும் அந்த மஞ்சத் துணியக் கையில தொட மாட்டமான்னு இருந்துச்சு. பைப்புல ஏறி ஏறி உள்ளங்கை பூராக் காச்சுப்போச்சு. இதா பாருங்க. தொட்டுப் பாருங்க. தோலுங்களா இது?

நோம்பியன்னைக்கு மேளம் வந்துச்சு. நான் தலைக்கு ஊத்திக்கிட்டு, புது டவுசர் போட்டுக்கிட்டு நிக்கறேன். பெரியதனக்காரர் துண்டை எடுத்து, "சென்னியப்பா, வா"ன்னு கூப்புட்டு முடிக்கல. கூட்டத்துக்குள்ளேர்ந்து ஒருத்தன் வர்றான். கழுத்துலேர்ந்து கணுக்காலு வரைக்கும் டர்க்கி டவல் துணியில சொக்காயும் பேண்ட்டும் தெச்சுப் போட்டுக்கிட்டு, கரடியாட்டம் வர்றான். பாத்தா லோகநாதன்! கம்பெனியில சொல்லித் தெச்சிருக்கறான். சனம் சிரிக்குது. அவன் சிரிக்கல. பெரியதனக்காரர் காலத் தொட்டுக் கும்புட்டுட்டு, "நான் இந்த ஊருக்கு ஒறம்பரைங்க. எனக்கு மொதல் கை வேணும்"னான்.

எடுத்து வெச்ச காலைப் பின்னால வெச்சனுங்க.

இதுல பாருங்க, எங்க பக்கத்துப் பழக்கம் ஒண்ணு இருக்குது. ஒறம்பரை, அதாங்க ஊட்டுக்கு வந்த விருந்தாளி, வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுட்டா இல்லைங்கக் கூடாது. பந்தியில ஒறம்பரைதான் மொதல்ல உக்காரணும், ஊட்டுக்காரன் கடைசியில உக்காரணும். பெரியதனக்காரர் தாடியச் சொறிஞ்சாரு. "கேட்டுட்டானே சென்னியப்பா. உன்ற ஊட்டு ஒறம்பரைதான், நீயே சொல்லு"ன்னாரு. ஊரே என்ற வாயப் பாக்குது. நான் என்னங்க சொல்ல முடியும்? குடுக்க மாட்டேன்னா ஊட்டுக்கு வந்தவனுக்கு எலை போடலைன்னு பேரு ஆயிரும். "குடுங்க"ன்னேன். என்ற வாயாலயே சொன்னனுங்க. துண்டு அவன் தோளுக்குப் போயிருச்சு. "அப்ப ஊட்டுக்காரன் கடைசி"ன்னு கமிட்டிக்காரன் சீட்டி அடிச்சான். மொதல் கைக்காரனாப் போனவன் கடைசி ஆளா வந்து நிக்கறேன். சொந்த மச்சினன், என்ற ஊட்டுச் சோத்தைத் தின்னு வளந்தவன்! வயித்தெரிச்சல்ங்க.

சரி, பறிச்சவன் ஒழுங்கா ஏறுனானாங்கறீங்க? அங்கதாங்க கூத்து. மரத்தைக் கட்டிப் புடிச்சான். ஒரு ஆளு உசரம் போனான். சொய்ங்குன்னு எறங்குனான். மறுக்கா ஏறுனான், எறங்குனான். அதுவும் எப்பிடி? நேரா எறங்க மாட்டான், மரத்தைச் சுத்திச் சுத்தி எறங்குவான். பல்லு தேய்க்கறாப்ல தேச்சுக்கிட்டே எறங்குவான். அவ்வளவுதான் அவன்ற மெத்தட்டு! சொக்காயி எண்ணெயக் குடிச்சு ஊறிப்போச்சு. சரி, போயிருவான்னு பாத்தா, கோயலுக்குப் பொறத்தால போயி அதே மாதிரி இன்னொரு சோடி மாட்டிக்கிட்டு வந்து நிக்கறான். "இன்னொரு தாட்டி"ங்கறான். ஒறம்பரை மறுக்கா சோறு கேட்டா இல்லைன்னு சொல்லுவீங்களா? கமிட்டி உட்டுருச்சு. அதுவும் ஊறிப்போயி மூணாவது சோடியும் போட்டுக்கிட்டு வந்தான். இடுப்புல கயிறு கட்டி, அவன் வயசுச் சோட்டுப் பையனுங்க தோள்ல ஏறி நின்னுக்கிட்டு மேல மேல போறான், எறங்கறான். சொக்காயி வெலகுன எடத்துல நெஞ்செல்லாம் செவந்து தெரியுது. கையில தோலு வழண்டு ரெத்தம் கசியுது. இத்தனை பாடுபட்டும் பாதி மரம் தாண்டல. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுமைங்க. மெத்தட்டு மெத்தட்டுன்னு பேசுனியே, இப்பத் தெரியுதாடா ஒழைப்புன்னா என்னன்னுன்னு நெனைச்சேன்.

பொறவு மத்தவங்க ஏறுனாங்க. மருந்துக்கடைப் பையன் முக்கால் மரம் போனான். கீழ நின்னு ஒருத்தன் பீச்சுன மஞ்சத்தண்ணி கண்ணுல உழுந்து கைய உட்டுட்டான். இன்னும் ரெண்டு மூணு பேரு அங்கங்க போயி எறங்குனாங்க. பொழுது சாஞ்சிருச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி.

எனக்கு ஏறவே மனசில்லீங்க. துண்டும் இல்லாம, மேளமும் இல்லாம, கடைசி ஆளா என்னத்தைப் போயி ஏர்றது? ஊட்டுக்குப் போயிரலாம்னு திரும்புனேன். பூங்கொடி வந்து கையப் புடிச்சுக்கிட்டா. ஊரு பாக்கக் கையப் புடிக்கறவ இல்லீங்க அவ. இடுப்புல ஒரு சுருக்குப் பையக் கட்டி உட்டா. "அம்மன் திருநீறுங்க. மேல போயி வழுக்குற எடத்துல, அம்மனை நெனைச்சுக் கையில நல்லாப் பூசிக்கோங்க"ன்னா. திருநீறுன்னா ஒரு சிட்டிகை குடுப்பாங்க, இவ பை நெறையக் குடுத்திருக்கறா. அத்தனை பக்திங்க. மண்ணு கூடாது, சாம்பல் கூடாதுன்னு கமிட்டி அல்லாரையும் தடவிப் பாத்துத்தான் உடும். என்றதையும் தடவுனான். "திருநீறுங்க"ன்னேன். கன்னத்துல போட்டுக்கிட்டு உட்டுட்டான்.

மரத்துக்கிட்டப் போறேன், அங்க இந்த லோகநாதன் நிக்கறான். எண்ணெயில முக்கி எடுத்தாப்ல சொட்டச் சொட்ட நிக்கறான். "மச்சான், அவசரப்படாதீங்க. மேல ரெண்டு ஆளு உசரம் மட்டுந்தான் வழுக்கும். அதுவரைக்கும் பாக்கு மரந்தான்"ங்கறான். எனக்குச் சொல்லித் தர்றானாமா! நான் அவன் மூஞ்சியவே பாக்கல.

கை வெச்சேன். அந்தக் கோவம், அந்த ரோசம், ஐப்பசியிலேர்ந்து ஏறுன பழக்கம், அல்லாம் சேந்துக்கிச்சுங்க. கை புடிக்குது! சும்மா பசையாட்டம் புடிக்குதுங்க. கடகடன்னு போறேன். மஞ்சத்தண்ணி மூஞ்சியில அடிக்குது, கண்ணை மூடிக்கிட்டுப் போறேன். பாதி மரம் தாண்டிருச்சு. முக்கால் மரம் தாண்டிருச்சு. அதுக்கு மேல காலு வழுக்க ஆரம்பிச்சுது. ஒரு சாணு எறங்குனேன். கீழ கூட்டம் 'ஓ'ங்குது. அம்மனை நெனைச்சுச் சுருக்குப் பையில கைய உட்டு, திருநீற எடுத்து உள்ளங்கையில, தொடையில, மரத்துல, அல்லாத்துலயும் பூசுனேன். அம்மா சும்மா உடுவாளா? புடிச்சுக்கிச்சுங்க! தோள்பட்டை ரெண்டும் தெறிக்குது. மூட்டை தூக்குன தோளு, அது தாங்கிச்சு. எம்பிக் கைய நீட்டுனேன். மஞ்சத் துணி கையில வந்திருச்சு.

அங்கேர்ந்து பாத்தா ஊரே தெரிஞ்சுதுங்க. என்ற ஊட்டுக் கூரை, பொறத்தால நட்ட பைப்பு, கீழ பூங்கொடி வாயப் பொத்திக்கிட்டு நிக்கறா. நான் அழுதுட்டனுங்க. காலால மரத்தைக் கவ்விக்கிட்டு, முடிச்சை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதேன். மஞ்சத்தண்ணின்னு அல்லாரும் நெனைச்சுக்கிட்டாங்க.

எறங்கி வந்ததும் என்னைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டுக் குதிச்சு ஆடுனவன் யாருங்கறீங்க? லோகநாதன்தான். "எங்க மச்சான்! எங்க மச்சான்!"னு கத்தறான். கூச்சமே இல்லீங்க அவனுக்கு. "எறக்கி உடுடா"ன்னேன். எறக்கி உட்டான். ஊட்டுக்கு வந்தோம். சாப்பாட்டுக்கு எலை போட்டா பூங்கொடி. நான் அவன் பக்கம் திரும்பாம உக்காந்திருந்தேன். அவன் என்ற மூஞ்சியப் பாத்துட்டு, "சரிக்கா, காலையில கம்பெனி இருக்குது"ன்னு துண்டை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுச் சாப்புடாமயே கெளம்பிப் போயிட்டான். ஒறம்பரை சாப்புடாமப் போனது எங்க ஊட்டுல அதுதான் மொதத் தடவை. அன்னையிலேர்ந்து பூங்கொடி என்கிட்ட முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு மூக்கால பேசறா, கோவமாட்டம் இருக்குது.

செயிச்சது செயிச்சதுதான், இல்லீங்கல. அருணாக்கொடிய இடுப்புல கட்டியிருக்கறேன், வேணும்னாக் காட்டட்டுங்களா? ஒழைப்புக்குக் கெடைச்சதுன்னு ஊரே சொல்லுது. ஆனா மொதல் கையோட செயிச்சிருந்தா எப்பிடி இருந்திருக்கும்! அதைக் கெடுத்துப்போட்டானே. அந்தத் துண்டை மட்டும் வாங்கிட்டு வந்து அருணாக்கொடியோட வெச்சாத்தான் எனக்கு மனசு ஆறும். நேத்து ராத்திரி பூங்கொடிகிட்டச் சொன்னேன், உன்ற தம்பி உறவே வேண்டாம்னு சொல்லிட்டு வரப்போறேன்னு. அழுவாள்னு பாத்தா, இந்தப் பையக் கொண்டாந்து குடுக்கறா. அவன் உட்டுட்டுப் போன மூணு சோடித் துணியும் இதுல இருக்குது. "இதைக் குடுத்துட்டு வாங்க. போற வழியில ஒரு தாட்டி மோந்து பாத்து ரோசனை பண்ணுங்க"ங்கறா. எண்ணெய்த் துணிய மோந்து பாத்து என்னங்க ரோசனை பண்றது? துணியப் பாருங்க, எத்தனை கனம். எத்தனை படி எண்ணெயக் குடிச்சிருக்கும்ங்கறீங்க. மரத்துல பூசுனது அத்தனையும் இதுலதான் இருக்குதாட்டம் இருக்குது.

என்னங்க? சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸு எரைச்சல்ல காது கேக்கல.

எனக்காகவா?

அட, போங்க. எனக்காக யாராச்சும் என்ற துண்டைப் பறிப்பாங்களா? நீங்க எழுத்துப் படிச்சவங்க, அல்லாத்துலயும் ஒண்ணு கண்டுபுடிப்பீங்க. மொதல் கை கெடைக்கணும்னு அவன் வந்தான், ஏற முடியல, அவ்வளவுதான். மூணு சோடி எதுக்குன்னா... மூணு சோடி எதுக்குத் தெச்சான்? ஏர்றவனுக்கு ஒரு சோடி போதுமே. டர்க்கி டவல் வேற. அதைப் போட்டுக்கிட்டு ஏறவே முடியாதுங்களே, ஊறுனா மூட்டையாட்டம் கனக்கும். அது அவனுக்குத் தெரியாதா? துணியிலயே பொழைக்கறவன்.

இருங்க. "மேல ரெண்டு ஆளு உசரம் மட்டுந்தான் வழுக்கும்"னானே. அது எப்பிடிங்க அவனுக்குத் தெரிஞ்சுது? எண்ணிப் பாத்துக்கிட்டே இருந்திருக்கறான்! ஒறம்பரைன்னு கேட்டா ஊட்டுக்காரன் கடைசின்னு ஆகும்னும் தெரியும் அவனுக்கு. எங்க ஊட்டுப் பந்தியில எத்தனை வருசம் உக்காந்திருக்கறான்! சொன்னாக் கேக்க மாட்டன்னு... பூங்கொடியும் கூட்டுங்களா? அந்தத் திருநீறு? அட, அம்மா! பை நெறைய! கோயல்ல அத்தனை திருநீறு எங்கீங்க கெடைக்கும்? அடுப்புச் சாம்பலச் சலிச்சுக் கட்டி உட்டிருக்கறா அந்தப் பொம்பள! அதான் அன்னையிலேர்ந்து என்னப் பாத்தாலே முந்தானையால வாயப் பொத்திக்கறா.

கமிட்டிக்காரன் கன்னத்துல போட்டுக்கிட்டானுங்க, சாம்பலப் பாத்து!

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன். அவன் கையெல்லாம் தோலு வழண்டு நின்னுச்சுங்க. ரெத்தம். நான் பாத்தேன், பாத்துக் குளுந்தேன். அந்தக் கையோட என்னைத் தூக்கி ஆடுனான். ஒரு வாய் சோறு போடாம அனுப்பிச்சிருக்கறேன் பாருங்க, ஒறம்பரைய.

சிரிக்கறீங்களா? மெத்தட்டுத்தான் செயிச்சுதுங்கறீங்களா? அதுதாங்க இல்ல! நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க. அந்த மெத்தட்டுல என்ன இருந்துச்சு? ஒருத்தன் பொழுது முச்சூடும் ஏறி எறங்கி, ஏறி எறங்கி, நெஞ்சு தேய, கை கிழியத் தொடச்சிருக்கறான். அதுக்குப் பேரு என்னங்க? ஒழைப்புத்தானுங்களே! கடியாரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாத் தொடச்சிருக்குமா மரம்? மாட்டிக்கிட்டானில்ல? கடைசியில அவனும் என்ற வழிக்குத்தான் வந்தான். நான் அன்னையிலேர்ந்து என்ன சொல்லிக்கிட்டு இருக்கறேன்? ஒழைப்புத்தான் செயிக்கும்னு. யாரு ஒழைப்பா இருந்தா என்னங்க? போன ஒடனே மொதல்ல இதைத்தான் சொல்லப் போறேன் அவன்கிட்ட. துண்டா? அது கெடக்கட்டும்ங்க. அவன் தோளுக்குத்தான் எடுப்பா இருந்துச்சு.

கண்டக்டரே, ஊத்துக்குளி ரோடு ஸ்டாப்புல ஒண்ணு எறக்கம்! ஏனுங்க, அந்தப் பைய இப்பிடி எடுத்துக் குடுங்க. பாத்துத் தூக்குங்க, கனமா இருக்கும். அட, என்னங்க இது, மறுக்கா டப்பாவுல கைய உடறீங்க? நான் எடுத்துக்கோங்கன்னு சொன்னேன், இல்லீங்கல. அது அப்ப. இப்பப் போதும்ங்க, மூடியக் குடுங்க. பேசிப் பேசி நாம ரெண்டு பேரும் பாதிக்கு மேல தீத்துப்போட்டோம். மிச்சம் இருக்கறதாச்சும் அவனுக்கு இருக்கட்டும். பாவம், ரொம்ப ஒழைச்சிருக்கறான்.